எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எங்க ஊர் மலையைப் பத்திப் பேசப்போறேன். மலையைப் பத்தின்னு சொல்றதைவிட, அந்த மலையை மத்தவங்க எப்படித் தேடிக் கண்டுபிடிச்சாங்க என்பதைப் பத்தின்னு சொல்லலாம்.

நான் ராஜபாளையத்துக்காரன். எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மேற்கே முழுக்க மலைதான். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வரைக்கும், தெற்கே சேத்தூர், சிவகிரி வரைக்கும் ஒரு மதில் மாதிரி நிற்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துல போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வீட்டில் அதுக்குப் பேர் வெறும் "மேற்கு". "மேற்கே இருட்டிக்கிட்டு வருது, துணியை எடு" என்பார் பாட்டி. எங்களுக்கு வானிலை அறிக்கை அதுதான்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். 2013இல் நான் கல்லூரியை முடிச்சுட்டு வேலை தேடிக்கிட்டிருந்த காலம். இணைய வரைபடங்களில் நாமே இடங்களைச் சேர்க்கலாம் என்று வந்திருந்த சமயம். எங்க ஊர்ப் பக்கம் வரைபடத்தில் வெறும் பச்சையா இருந்தது. எனக்கு ஒரே ரோஷம். ஊட்டிக்கு அத்தனை புள்ளி, கொடைக்கானலுக்கு அத்தனை புள்ளி, எங்க மலைக்கு ஒன்றுமே இல்லையா? ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து கோயில், கண்மாய், ஓடை, பாலம் என்று சேர்த்தேன். அப்படியே சின்ன வயசுல சித்தப்பாவோட போய்க் குளிச்ச ஒரு தடாகத்தையும் சேர்த்தேன். அதன் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் தேடுவீங்க.

நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கோடை நாள். வெளியூர்ப் பையன்கள் ஐந்து பேர் அந்தத் தடாகத்துக்குப் போயிருக்காங்க. கீழே நல்ல வெயில். மேலே மலையில் மழை. கால் மணி நேரத்துல தண்ணி செம்மண் நிறத்துல வந்துடுச்சு. ஐந்து பேரும் நடு ஓடையில் ஒரு பாறை மேலே ஏறி நின்னுட்டாங்க. பளியர் குடியிருப்பிலிருந்து ஓடிவந்த ஒரு பெரியவரும் வனக் காவலர்களும் கயிறு கட்டி ஒவ்வொருவரா இழுத்துக் கரையேத்தினாங்க. இருட்டிப் போச்சாம். யாருக்கும் ஒன்றும் ஆகலை. ஆனால் அதில் ஒரு பையன் போனைக் காட்டி, "இதுல போட்டிருந்துச்சுண்ணே" என்று அழுதானாம்.

அடிவாரத்தில் மாந்தோப்பு வச்சிருக்கிற சித்தப்பாதான் இதைச் சொன்னார். "எந்தக் கூறு கெட்டவன்டா அந்த இடத்தைப் போய்ப் போட்டது?" என்று கேட்டார். நான் சோத்துத் தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்த எபிசோட் அவருக்கான பதில்தான்.

பேருக்குள்ளேயே இருந்த தகவல்

இணையம் வருவதற்கு முன்னால் இந்த மலைக்கு ஆள் வரவில்லையா? வந்தாங்க. எப்படித் தெரிஞ்சு வந்தாங்க?

ராஜபாளையத்துக்கு மேற்கே காட்டுக்குள் அய்யனார் கோயில் இருக்கு. அந்தச் சாமியின் முழுப் பேர் நீர்காத்த அய்யனார். பேரைக் கவனிங்க. அங்கே ஆறு இருக்கு, ஆற்றைக் காக்கவேண்டியிருக்கு, ஆற்றிடமிருந்தும் காக்கவேண்டியிருக்கு. மூன்றும் அந்தப் பேருக்குள் இருக்கு. ராஜபாளையம் குடிக்கிற தண்ணியும் அந்தப் பக்கத்து மலையிலிருந்து இறங்கி வருவதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அதற்கு மேலே காட்டழகர் கோயில். புரட்டாசி சனிக்கிழமை என்றால் ஊரே அங்கேதான். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை வழியா ஏறினால் சதுரகிரி, சுந்தர மகாலிங்கம். அதற்கு அமாவாசை, பௌர்ணமி. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்த இடங்கள் எல்லாமே ஒரு நாளோட சேர்த்துத்தான் நமக்குச் சொல்லப்பட்டன. "காட்டழகர் கோயில்" என்று யாரும் தனியாகச் சொல்லமாட்டாங்க, "புரட்டாசி சனிக்கு காட்டழகர்" என்பாங்க. இடமும் காலமும் ஒரே மூச்சில் வரும். பஞ்சாங்கம்தான் அப்போதைய அனுமதிச் சீட்டு. கூட்டமாப் போவாங்க, வழி தெரிந்தவர் முன்னால் போவார், சாயங்காலத்துக்குள் இறங்கிடுவாங்க.

இதை ஒரு பொற்காலமா நான் சொல்லலை. அதில் இருந்த ஓட்டையையும் பின்னால் சொல்றேன்.

அதிகாரிகள் எழுதிய மலை

அடுத்து வந்த தேடும் கருவி, அரசாங்கப் புத்தகம்.

1802இல் சென்னையில் லாம்டன் ஆரம்பித்த பெரிய முக்கோண அளவீடு, இந்தியாவின் மலைகளையும் குன்றுகளையும் வரைபடத்தில் கோட்டுக்குள் கொண்டுவந்த வேலை. அதற்குப் பிறகு மாவட்டக் கையேடுகள் வந்தன. எங்க பகுதிக்கு அது ஏ.ஜே. ஸ்டூவர்ட் எழுதி 1879இல் வந்த திருநெல்வேலி மாவட்டக் கையேடு. திருநெல்வேலியா என்று கேட்பீங்க. ஆமாம், அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டம்தான். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1985இல் காமராசர் மாவட்டம். 1997இல் அதற்கு விருதுநகர் என்று பேர்.

ஊர் நகரவே இல்லை, ஆனால் நாலு பேருக்குக் கீழே போயிடுச்சு. அதனால் எங்க ஊர் வரலாறு தேடுகிற யாருக்கும் முதல் சிக்கல் இதுதான். ஹெச்.ஆர். பேட் எழுதி 1917இல் வந்த திருநெல்வேலி கெசட்டியர் புகழ்பெற்ற புத்தகம். அதில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே வட்டம் கைமாறிவிட்டது. எந்தப் பேரில் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும் என்பது கூகுள் காலத்துப் பாடம் இல்லை, அலமாரிக் காலத்துப் பாடம்.

அந்தப் புத்தகங்கள் சுற்றுலாவுக்காக எழுதப்பட்டவையும் இல்லை. நிலவரி, மழை அளவு, காடு, பாசனம் என்று நிர்வாகத்துக்கு வேண்டியதை எழுதினாங்க. இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வுக்குத் தேர்ந்தெடுத்தது வேறு மலைகளை. 1820 வாக்கில் சல்லிவன் ஊட்டியைக் கட்ட ஆரம்பித்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினாங்க. அங்கே பங்களா வந்தது, சாலை வந்தது, ஏரி வந்தது. எங்க மலைச் சரிவில் அப்படியொரு ஊர் எழும்பவே இல்லை. இன்றைக்கும் ராஜபாளையத்திலிருந்து மலை உச்சிக்கு பஸ் கிடையாது.

1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஸ்டேஷன் வந்தது. ஆண்டாள் கோயிலுக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்க வருகிறவர்களுக்கு அது பெரிய வசதி. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. ஊர் பஞ்சு, நூல் என்று வளர்ந்தது. சுற்றுலாவை நம்பி வாழவேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்த பிறகும் எங்க ஊர் போகிற வழியில் இருக்கிற ஊர்தான். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் சாரல் சீசனுக்குக் குற்றாலம் போகிற வண்டிகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். அரைக் கிலோ பால்கோவா வாங்கும். கிளம்பிடும். ஜன்னல் வழியா மலையைப் பார்த்திருப்பாங்க, அவ்வளவுதான்.

தேடுபொறிக்குத் தெரிந்த ஊர்

1998இல் கூகுள் வந்தது. அதன் மூல யோசனை எளிமையானது. எந்தப் பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் அதிகமாக இணைப்புக் கொடுக்கின்றனவோ, அது முக்கியமான பக்கம். நல்ல யோசனைதான். ஆனால் எழுதப்படாத ஊர் அதில் இல்லாத ஊர். பல வருஷம் "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று தேடினால் கோபுரம் வரும், ஆண்டாள் வருவாள், பால்கோவா வரும். மலை வராது. அதுவும் ஆங்கிலத்தில் ஊர்ப்பேரை எழுத எத்தனையோ விதம் இருக்கு. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒவ்வொரு உலகம் திறக்கும்.

கோபுரத்தைப் பற்றி ஒரு சின்ன உதாரணம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம் என்று தேடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பதில் வரும். நாங்களும் பெருமையா அதைத்தான் சொல்லி வளர்ந்தோம். ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் கிருஷ்ணாராவ், மதுரை மீனாட்சி கோயிலின் மேலக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று ஒரு தரப்பு வலுவாகவே சொல்கிறது. வாதம் இன்னும் முடியலை. தேடுபொறி வாதத்தைக் காட்டாது. அதிகம் பேர் சொன்னதை முதல் வரியில் வைக்கும், நாமும் முதல் வரியோட நிறுத்திக்குவோம்.

2005இல் கூகுள் மேப்ஸ். 2008இல் இந்தியாவில் மேப் மேக்கர் வந்தது. சாதாரண ஜனங்களே தெருவையும் கோயிலையும் வரையலாம். 2013இல் 'மேப்பத்தான்' என்று போட்டியே வைத்தாங்க. அதில் ராணுவ இடங்களும் சேர்ந்துவிட்டன என்று சர்வே ஆஃப் இந்தியா புகார் கொடுத்து, விஷயம் விசாரணை வரைக்கும் போனது. 2017 மார்ச்சோடு மேப் மேக்கர் மூடப்பட்டது. நாடு முழுக்க என்னை மாதிரி ஆட்கள் வைத்த புள்ளிகள் மட்டும் வரைபடத்தில் நிலைத்துவிட்டன.

அந்தப் புகார் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியது. ஒரு ஓடைக்குப் புள்ளி வைத்தால் அதைப் பார்த்து வருகிறவனுக்குப் பாதுகாப்பு உண்டா என்று அப்போது என்னை யாரும் கேட்கலை. நானும் கேட்டுக்கலை.

பக்கத்தில் என்ன இருக்கு என்று போனில் தேடினால் எதை முதலில் காட்டுவது என்பதற்கு கூகுளே மூன்று காரணம் சொல்கிறது: கேட்டதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம். மூன்றாவதைக் கவனிங்க. நாலு பேர் போய்ப் படம் போட்டால் இடம் மேலே வரும். மேலே வந்தால் நாற்பது பேர் போவாங்க. அவங்களும் படம் போடுவாங்க. அந்தப் படங்கள் எல்லாமே தண்ணி நிறைய விழுகிற நாளில் எடுத்தவை. வறண்ட பாறையை யார் படம் எடுத்துப் போடப்போறாங்க? வெள்ளத்தை எடுக்க யார் அங்கே நின்னுக்கிட்டிருப்பாங்க? ஒரு வருஷத்தின் 365 நாளும் ஒரே அழகான நாளா மாறிவிடும்.

மேலே பெய்யும், கீழே வரும்

இந்த மலையின் கிழக்குச் சரிவு செங்குத்தானது. அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் சட்டென்று எழும்பும். ஓடைகள் நீளமானவை இல்லை, சரிவு மட்டும் அதிகம். மேலே பெய்கிற மழை நிதானமா வடிய இடமே கிடையாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்வதால் ஜூன், ஜூலையில் நாங்கள் பெரும்பாலும் மழை மறைவில் இருப்போம். ஆனால் கோடை இடிமழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மலை மேல் திடீரென்று கொட்டும். ஊரில் வெயில் அடிக்கும்போதே ஓடை நிறம் மாறும். உள்ளூர்க்காரன் மேற்கே பார்ப்பான். வெளியூர்க்காரன் போனைப் பார்ப்பான்.

2015 மே மாதம் சதுரகிரியில் அதுதான் நடந்தது. அமாவாசைக்கு முந்தைய நாள். மலையில் மழை, ஓடைகளில் காட்டாற்று வெள்ளம், பக்தர்கள் பலர் உயிரிழந்தாங்க. நான் முன்னால் சொன்ன ஓட்டை இதுதான். வந்தவர்கள் பஞ்சாங்கம் சொன்ன நாளில்தான் வந்தாங்க. பஞ்சாங்கத்துக்குத் திதி தெரியும், மேகம் தெரியாது. அதற்குப் பிறகு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் எட்டு நாள் மட்டும் அனுமதி என்ற நடைமுறை பல வருஷம் இருந்தது. மழை என்றால் அந்த நாளிலும் தடை. பிறகு அந்த விதியும் மாறியது.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. அங்கே வெள்ளம் இல்லை, தீ. மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. மார்ச் மாதம் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்பது அடிவாரத்துக் கிராமங்களுக்குத் தெரியும். 2024 மே 17, பழைய குற்றாலம். வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மூன்று சம்பவத்திலும் இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம். தெரியாமல் போனது நேரம்.

தேதி கேட்கிற கருவி

இதற்கு விடை இடத்தை மறைப்பது இல்லை. மறைக்கவும் முடியாது. தேடும் கருவிக்குள் காலத்தைக் கொண்டுவரணும். கடந்த சில வருஷங்களில் அது மெல்ல நடக்கிறது.

1988இல் இந்தக் காடு சாம்பல் நிற மலை அணிலுக்காக சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், நாட்டிலேயே 51ஆவது. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் அதற்குள் வருகிறது. ஆக, இது நினைத்த நேரத்தில் நுழைகிற காடு இல்லை. குரங்கணிக்குப் பிறகு அதே 2018இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். எங்கே போறே என்பதோடு எந்தத் தேதியில் போறே என்று கேட்கிற கருவி அது.

2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு. அதில் செண்பகத்தோப்பு–புதுப்பட்டிப் பாதையும் ஒன்று. காட்டுத்தீ மாதங்களில் நிறுத்திவைக்கிறாங்க. பாதை தெரிந்த உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியா அனுப்பறாங்க. அதைப் படிச்சப்போ எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது பழைய புரட்டாசி சனிக்கிழமைதானே? நாள் குறிச்சு, ஆளோட போய், பொழுது சாயறதுக்குள்ள இறங்குறது. அதே முறைக்கு இப்போ ஒரு இணையப் பக்கம் கிடைச்சிருக்கு.

குறையும் இருக்கு. முன்பதிவுப் பக்கத்தைத் தெரிந்து தேடுகிறவன் அங்கே போவான். "பக்கத்தில் அருவி" என்று போனில் கேட்கிறவன் என்னோட பழைய புள்ளிக்குத்தான் போவான். இரண்டு கருவிகளும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கு. வருகிற வருமானம் யாருக்கு? 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. வேறு ஊரில் செய்ததை எங்க ஊர்ப்பேரைச் சொல்லி விற்கக்கூடாது என்பதற்கு அது ஒரு பிடி. மலைக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. அருவிப் படத்தைப் போட்டவனுக்குப் பார்வை கிடைக்கும். கயிறோட ஓடிவந்த பளியர் பெரியவருக்கு என்ன கிடைச்சது? வழிகாட்டி வேலை, தங்கும் ஏற்பாடு, தேன், மாம்பழம் என்று ஏதாவது ஒரு வழியில் அடிவாரத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தால்தான் இதற்கு சுற்றுலா என்று பேர். இல்லையென்றால் அது வெறும் போக்குவரத்து நெரிசல்.

சித்தப்பாவுக்கு

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பாக்கிட்ட சொல்லிட்டேன். "அந்தப் புள்ளியை வச்சது நான்தான் சித்தப்பா." அவர் கோபப்படலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அதுல எழுது. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

எழுதினோம். புள்ளியை அழிக்கலை. அழிச்சாலும் அந்தப் படங்கள் வேறு இடங்களில் இருக்கத்தான் செய்யும். அந்த இடத்துக்குக் கீழே கருத்துப் பகுதியில், தமிழில், அவர் சொன்னபடியே போட்டேன். இது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் வரக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வராதீங்க. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் நிற்காதீங்க. தண்ணி நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பொருளை விட்டுட்டுக் கரையேறுங்க. மேற்கே பாருங்க.

ஒருவருக்கு அது பயன்பட்டதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கெசட்டியரில் இல்லாத, வரைபடத்தில் இல்லாத ஒன்று அதில் சேர்ந்திருக்கு. நீங்களும் உங்க ஊர் ஓடைக்கும் குளத்துக்கும் குன்றுக்கும் யாராவது வைத்த புள்ளியைத் தேடிப் பாருங்க. உங்க வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்தில் உட்கார வச்சுக்குங்க. எப்போ வரலாம், எப்போ வரக்கூடாது என்று அவங்க சொல்வதைத் தமிழிலேயே எழுதிப் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்த எபிசோடில் விருதுநகர்–தென்காசி ரயில் பாதையைப் பத்தி விரிவாப் பேசலாம். உங்க வீட்டில் அந்தப் பாதையில் போன பழைய பயணச்சீட்டோ, ஞாபகமோ இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்க.